நாவலூர் போய் வந்த பச்சைக்கல்

நான் பிறவியிலேயே சந்தேகப்பிராணி. மருந்துக் கடையில் மாத்திரை அட்டையை வாங்கினால் தேதியை அங்கேயே நின்று பார்ப்பேன். வீட்டுக்கு வந்து கண்ணாடி போட்டுக்கொண்டு இன்னொரு முறை பார்ப்பேன். சேலையூரில் எங்கள் தெருவில் யாராவது வாட்டர் பில்டர் சர்வீஸ் என்று கதவைத் தட்டினால், வண்டி எண்ணைக் குறித்துக்கொண்ட பிறகுதான் தாழ்ப்பாளில் கை வைப்பேன். என் கணவர், "நீ போலீஸ்ல இருந்திருக்கணும்" என்று கிண்டல் செய்வார். போலீஸ் வேலை கிடைக்கவில்லை. மேற்குத் தாம்பரம் மார்க்கெட் பக்கத்தில் ஒரு ராசிக்கல் கடையில் டேப்லெட்டோடு உட்காரும் வேலை கிடைத்தது. சந்தேகப்படுவதற்குச் சம்பளம் கொடுக்கிறேன் என்றால் வேண்டாம் என்றா சொல்வேன்?

கடை முதலாளி அப்போது புதிதாக ஓர் ஏற்பாட்டில் சேர்ந்திருந்தார். ஒரு கல் சுரங்கத்திலிருந்து கிளம்பி ஒருவர் விரலில் ஏறும்வரை யார் யார் கையில் இருந்தது என்பதெல்லாம் ஒரு செயலியில் பதிவாகும். கல் இருக்கும் சின்ன டப்பாவின்மேல் க்யூஆர் ஒட்டியிருக்கும். அதைப் போனில் ஸ்கேன் செய்தால் போதும்: ஜாம்பியாவில் தோண்டியது, ஜெய்ப்பூரில் பட்டை தீட்டியது, லேபில் சோதித்தது, சௌகார்பேட்டையில் கை மாறியது, தாம்பரத்துக்கு வந்து சேர்ந்தது என்று கல்லின் ஜாதகமே திரையில் விரியும். கல்லின் உட்புறத்தைப் பெரிதாக்கி எடுத்த படமும் அதில் உண்டு. ஒவ்வொரு கல்லுக்குள்ளும் இருக்கிற கோடும் புள்ளியும் வேறு வேறு என்பதால், நம் கைரேகை மாதிரி அதை வைத்துக் கல்லை அடையாளம் சொல்லிவிடலாம் என்பது ஏற்பாடு.

கடையை விட்டு வெளியே போன கல் திரும்பி வரும்போதெல்லாம் நான் அதைக் கேமராவுக்கு அடியில் வைத்துப் படம் எடுக்க வேண்டும். செயலி பழைய படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும். பச்சை விளக்கு வந்தால் அதே கல். சிவப்பு வந்து 'பொருந்தவில்லை' என்றால் வேறு கல். செயலி செய்த சிறுசேரி கம்பெனியிலிருந்து இரண்டு பேர் வந்து அரை நாளில் இதைச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார்கள். நான் அவர்களையே வைத்துச் சோதித்துப் பார்த்தேன். வேண்டுமென்றே ஒரு டப்பாவில் வேறு கல்லை வைத்துக் கொடுத்தேன். செயலி சட்டென்று சிவப்பு காட்டியது. அன்றிலிருந்து உலகத்தில் நான் சந்தேகப்படாத ஒரே பொருள் அந்த டேப்லெட்தான்.

கடையில் என்னைத் தவிர ஓர் அக்கா இருந்தார். கோவளத்துக்கு முன்னால் கடலோரக் குப்பம் ஒன்றில் வீடு; மீன் விற்கிற குடும்பம். முதலில் கடையைப் பெருக்கத்தான் வந்தாராம். ஒருநாள் தட்டிலிருந்து தெறித்து விழுந்த ஒரு கல்லை நான்கு பேர் தேடிக் கிடைக்காமல், இவர் வந்து குனியாமலேயே, "தோ கீது, பீரோ காலாண்ட" என்றாராம். அந்தக் கண்ணுக்காக முதலாளி அவரைக் கல் தட்டுக்கு மாற்றிவிட்டார். என்னைவிட ஏழெட்டு வயது பெரியவர். ஆனாலும் என்னை மேடம் என்றுதான் கூப்பிடுவார். அதில் மரியாதை பாதி, நக்கல் பாதி.

ராசிக்கல் வாங்குகிறவர்கள் கடைக்கு வந்தோம், பிடித்தது, வாங்கினோம் என்று போக மாட்டார்கள். கல் தங்களுக்கு ஒத்துக்கொள்கிறதா என்று சில நாள் வீட்டில் வைத்துப் பார்ப்பார்கள். நீலக்கல்லுக்குத்தான் இந்தப் பயம் அதிகம். ஆனால் எங்கள் கடையில் எல்லாக் கல்லுக்கும் அந்தப் பழக்கம் தொற்றிக்கொண்டது. துணியில் முடிந்து தலையணைக்கு அடியில் வைப்பார்கள். கெட்ட கனவு வந்தாலோ, வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்தாலோ கல் திரும்பி வந்துவிடும். தெரிந்த வாடிக்கையாளர்களுக்கு மட்டும் முதலாளி இப்படிக் கல்லைக் கொடுத்தனுப்புவார். பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் போக வேண்டிய கற்களை அக்கா சாயந்திரம் வீட்டுக்குப் போகும் வழியில் கொண்டுபோய்க் கொடுப்பார். திரும்பி வர வேண்டியதையும் அவரே வாங்கி வருவார்.

அப்படித்தான் ஒரு பச்சைக்கல் நாவலூருக்குப் போனது. அடுக்குமாடி ஒன்றின் பன்னிரண்டாவது மாடியில் இருந்த ஒரு பெண், கணவருக்காகக் கேட்டிருந்தார். கணவருக்கு அலுவலகத்தில் வேலை ஆட்டம் கண்டுகொண்டிருந்ததாம். புதன் பலமாக இல்லை, மரகதம் போடச் சொல்லுங்கள் என்று ஜோசியர் சொன்னாராம். பத்து நாள் கழித்து அந்தப் பெண்ணே போன் செய்தார். கல் ஒத்து வரவில்லை, மாமியார் பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டார், ஆள் அனுப்புங்கள் என்றார். மாமியார் வழுக்கியதற்கும் புதனுக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்கவில்லை. அக்கா அன்று சாயந்திரம் போய்க் கல்லை வாங்கி, வீட்டில் வைத்திருந்து, மறுநாள் காலையில் கொண்டுவந்தார்.

நான் கேமராவுக்கு அடியில் வைத்தேன். சிவப்பு. 'பொருந்தவில்லை.'

லென்ஸைத் துடைத்துவிட்டு மறுபடி எடுத்தேன். சிவப்பு. கல்லைத் திருப்பி வைத்து எடுத்தேன். சிவப்பு. பழைய படத்தில் கல்லின் ஓரத்தில் மெல்லிசாக ஒரே ஒரு கோடு இருந்தது. இப்போது குறுக்கும் நெடுக்குமாக வெள்ளை வெள்ளையாகக் கீறல்கள். நிறத்திலும் அந்தப் பளபளப்பு இல்லை. எடை போட்டேன். எடை கடைசிப் புள்ளி வரைக்கும் சரியாக இருந்தது. வேறு யாராக இருந்தாலும் அங்கே கொஞ்சம் நின்று யோசித்திருப்பார்கள். எனக்கோ சந்தேகம் இன்னும் முற்றியது. எடை பார்த்து மாற்றத் தெரிந்த கெட்டிக்காரி என்று நினைத்தேன்.

"அக்கா, நேத்து சாயந்திரத்துலேர்ந்து இது எங்க இருந்துச்சு?" என்றேன்.

"என் வூட்லதான். அரிசி டப்பால வச்சிருந்தேன். ஏன் மேடம்?"

"வீட்டுக்கு யாராவது வந்தாங்களா?"

அவர் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார். "என் வூட்டுக்கு யாரு வந்தா உனக்கு இன்னா?"

அவர் கோபப்பட்டார்; குற்றமுள்ள மனசு என்று நினைத்தேன். அழுதிருந்தால் நடிப்பு என்று நினைத்திருப்பேன். சந்தேகம் வந்துவிட்டால் எதிராளி எதைச் செய்தாலும் அது சாட்சியாகிவிடும். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. அந்தக் கல் பத்து நாள் இருந்தது நாவலூரில். அக்கா வீட்டில் இருந்தது ஒரே ஒரு ராத்திரி. ஆனால் வாசலில் செக்யூரிட்டி நிற்கும் அந்தப் பன்னிரண்டாவது மாடிப் பெண்மேல் எனக்கு ஒரு நிமிடம்கூடச் சந்தேகம் வரவில்லை. மீன் விற்கிற வீட்டிலிருந்து வந்த அக்காமேல் உடனே வந்தது. எதையும் நம்பாத ஆள் என்று பெருமை பேசிக்கொள்வேன். யாரை நம்புவது என்பதை எனக்கு முன்பே யாரோ தீர்மானித்து வைத்திருந்தார்கள் போலிருக்கிறது.

செயலி காரணம் கேட்டது. அதில் மூன்றே மூன்று காரணங்கள் இருந்தன: 'படம் தெளிவில்லை', 'கல் உடைந்தது', 'கல் மாற்றப்பட்டது'. படம் தெளிவாகத்தான் இருந்தது. கல் உடையவில்லை. மூன்றாவதைத் தொட்டேன். 'கடைசியாகக் கையில் வைத்திருந்தவர்' என்ற இடத்தில் அக்காவின் ஊழியர் எண்ணும் முகப்படமும் தானாகவே வந்து உட்கார்ந்துகொண்டன. பதிவு செய்துவிட்டு டேப்லெட்டை எடுத்துக்கொண்டு முதலாளியிடம் போனேன். அவர் கல்லை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், திரையைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார். போலீஸ் எல்லாம் வேண்டாம், ஆளை அனுப்பிவிடலாம் என்றார்.

மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அக்கா டிபன் பாக்ஸைப் பையில் போட்டுக்கொண்டு என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

"அந்தக் கல்ல எடுத்துனு போயி நான் இன்னா பண்ணுவேன், சொல்லு? என் மூக்குத்தியே கவரிங்கு."

நான் டேப்லெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் போன பிறகு, ஒரு திருடியைக் கையும் களவுமாகப் பிடித்த திருப்தியோடு மத்தியானச் சாப்பாட்டைச் சாப்பிட்டேன். அதுவும் உண்மைதான்.

இரண்டு மாதம் போயிருக்கும். நாவலூர்ப் பெண் கடைக்கு நேரில் வந்தார். கணவருக்கு வேறு கம்பெனியில் வேலை கிடைத்துவிட்டது, இப்போது மகளுக்கு முத்து வேண்டும் என்றார். டப்பாவைப் பையில் வைத்துக்கொண்டே, "இதையும் அந்த மரகதம் மாதிரியே தோஷ சுத்தி பண்ணலாமா?" என்றார்.

"எப்படிப் பண்ணீங்க?" என்றேன். சும்மா பேச்சுக்குத்தான் கேட்டேன்.

"ஜோசியர் சொன்ன மாதிரிதாங்க. ஒரு நாள் முழுக்கப் பசும்பால்ல ஊறப்போட்டேன். அப்புறம் கல்லுப்பு போட்ட வெந்நீர்ல வச்சேன். அப்புறம் பால்கனில நல்ல வெயில்ல மூணு நாள். யார் யார் கை பட்டு வந்ததோ, தோஷம் எல்லாம் போகணும் இல்லையா? நீங்கதான் போன்ல காட்டுறீங்களே, அத்தனை பேர் கை மாறி வந்திருக்குன்னு. அதைப் பார்த்த பிறகுதான் எனக்குப் பயமே வந்துச்சு."

முத்தைப் பாலில் போடாதீர்கள் என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டு, அந்தப் பச்சைக்கல்லின் பக்கத்தை டேப்லெட்டில் திறந்தேன். ஜாம்பியா, ஜெய்ப்பூர், லேப். ஒவ்வொன்றுக்கும் கீழே 'மேலும்' என்று சின்ன எழுத்தில் ஒரு பொத்தான் உண்டு. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நான் படத்தை மட்டும்தான் பார்ப்பேன். அந்தப் பொத்தானை அமுக்கியதே இல்லை. லேபுக்குக் கீழே இருந்ததை அமுக்கினேன். 'உட்கீறல்கள் தெரியாதிருக்க எண்ணெய் ஊட்டப்பட்டது. வெந்நீர், அதிக வெயில் தவிர்க்கவும்' என்று இருந்தது.

அப்போதும் நான் நம்பவில்லை. என் புத்தி அப்படி. கடையில் விலை குறைந்த பொடிப் பச்சைகள் ஒரு தட்டில் கிடக்கும். அதில் ஒன்றைக் காசு கொடுத்து எனக்கே வாங்கிக்கொண்டேன். முதலில் படம் எடுத்தேன். வீட்டுக்குக் கொண்டுபோய் ஒரு டம்ளர் பாலில் போட்டு, தட்டால் மூடி வைத்தேன். "கல்லுக்கு எல்லாம் பால் ஊத்துற, எனக்குக் காபி எங்க?" என்றார் கணவர். மறுநாள் உப்புப் போட்ட வெந்நீர். அப்புறம் மொட்டை மாடியில் மூன்று நாள் வெயில்; காக்கா தூக்கிவிடுமோ என்று மேலே டீ வடிகட்டியைக் கவிழ்த்து வைத்தேன். அதற்கு மறுநாள் கடையில் கேமராவுக்கு அடியில் வைத்தேன்.

சிவப்பு. 'பொருந்தவில்லை.' என் கையைவிட்டுப் போகாத கல். யாருமே மாற்றாத கல். எண்ணெய் போய்விட்டதால், உள்ளே மறைந்திருந்த கீறல்கள் எல்லாம் வெளியே தெரிந்தன. அவ்வளவுதான் விஷயம். நான் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

முதலாளியிடம் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை என்பதுதான் எனக்கு இன்றுவரைக்கும் உறுத்துகிறது.

"பச்சைக்கு எண்ணெய் ஏத்துறது ஊர் உலகத்துல நடக்கிறதுதானேம்மா" என்றார்.

"அப்போ அன்னிக்கே ஏன் சார் சொல்லல?"

"நீங்க கல்லு மாறிடுச்சுன்னு வந்து நின்னீங்க. மெஷினும் சிவப்பு காட்டுச்சு. எனக்கு அப்போ தோணலை."

தோன்றவில்லையா, தோன்றியும் சும்மா இருந்தாரா என்று எனக்குத் தெரியாது. அக்காவைத் திரும்பக் கூப்பிடுங்கள் என்றேன். ஏன் கூப்பிட்டோம் என்று நாலு பேர் கேட்பார்கள், எண்ணெய் பற்றிச் சொல்ல வேண்டி வரும், அப்புறம் கடையில் ஒருத்தர் பச்சை வாங்க மாட்டார் என்று அவர் மழுப்பினார். எனக்கு வந்த ஆத்திரத்தில் மேசையைத் தட்டிவிட்டு வெளியே வந்து சிறுசேரிக்குப் போன் போட்டேன். நான் ஏற்றிய பதிவு தப்பு, அழித்துவிடுங்கள் என்றேன். அந்தப் பக்கம் பேசியவர் மிகவும் பணிவாகப் பேசினார்.

"அழிக்க முடியாது மேடம். ஒரு தடவை ஏறிட்டா யாராலயும் கை வைக்க முடியாது. அதுதான் இதோட ஸ்பெஷாலிட்டியே. வேணும்னா அதுக்குக் கீழ நீங்க இன்னொரு பதிவு சேர்க்கலாம்."

சேர்த்தேன். 'முந்தைய பதிவு தவறு. கல் மாற்றப்படவில்லை. பாலிலும் வெந்நீரிலும் வெயிலிலும் வைத்ததால் எண்ணெய் வெளியேறியுள்ளது. ஊழியர்மேல் எந்தக் குற்றமும் இல்லை. தவறு என்னுடையது.' என் ஊழியர் எண் அதன்கீழ் விழுந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தேடிக்கொண்டு போனேன். கேளம்பாக்கத்தில் கோவளம் போகும் சாலை ஓரத்தில், ஒரு குடைக்குக் கீழே மீன் விற்றுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தும் கையை நிறுத்தவில்லை. சங்கரா மீனுக்குச் செதில் தேய்த்துக்கொண்டே இருந்தார். நான் மண்ணில் குந்தி உட்கார்ந்து, பால், வெந்நீர், எண்ணெய், நான் அமுக்காமல் விட்ட பொத்தான் என்று எல்லாவற்றையும் சொன்னேன். மன்னித்துவிடுங்கள் என்றேன். அவர் அந்த மீனை, வாங்க நின்றிருந்த ஒருவருக்குப் பையில் போட்டுக் கொடுத்து அனுப்பினார்.

"மேடவாக்கத்துல ஒரு கல்லு கடைல வேல கேட்டுப் போனேன்" என்றார் பிறகு. "அவங்களும் இந்த மெஷினுதான் வச்சினுகீறாங்க. என் மூஞ்ச போட்டோ புடிச்சான். புடிச்சதும் செவப்பா இன்னாமோ வந்துச்சி. அவன் ஒண்ணும் சொல்லல. போயிட்டு வாம்மான்னான். எல்லாரு முன்னாடியும்." கத்தியைத் துடைத்தார். "இப்ப அழிச்சிட்டியா?"

"அழிக்க முடியாதாம் அக்கா. ஆனா கீழ எழுதியிருக்கேன். பாருங்க."

போனை நீட்டினேன். அவர் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினார். மேலே அவர் முகம், பக்கத்தில் சிவப்பில் 'கல் மாற்றப்பட்டது'. அதற்குக் கீழே 'மேலும்'. நான் அமுக்கிக் காட்டினேன். அவர் ஒவ்வொரு சொல்லாக வாய்விட்டுப் படித்தார்.

"இத அமுக்குனாதான் நீ எழுதுனது வருமா?"

"ஆமா."

"நீயே அமுக்கிப் பாக்கலியே, மத்தவன் எவன் அமுக்குவான்?"

நான் போனைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். அவரே, "மீன் விக்கிறதுக்கு எனக்கு ஒண்ணும் வெக்கமில்ல. ஆனா திருடின்னு எழுதி வச்சிகீறல்ல, அத்தோட நான் எப்டி கெடக்கறது? நீ அங்க வந்து உன் வாயால சொல்லு" என்றார்.

செவ்வாய்க்கிழமை அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். அக்கா எனக்கு முன்பே மேடவாக்கம் பஸ் நிறுத்தத்தில் வந்து நின்றிருந்தார். தலையில் பூ, இஸ்திரி போட்ட புடவை. அந்தப் பூவைப் பார்த்ததும் எனக்கு மனசு ரொம்பவும் கஷ்டப்பட்டது. கடையில் மேலாளர் எங்களை உட்காரச் சொன்னார். நிதானமான மனிதர். அக்காவின் பக்கத்தைத் திறக்கச் சொன்னேன். 'மேலும்' என்பதை நானே கை நீட்டி அமுக்கினேன். நான் எழுதியதை அவர் இரண்டு முறை படித்தார்.

"இது உங்க ஐடிதானே மேடம்?"

"ஆமா சார்."

"மேல இருக்கிறதும் உங்க ஐடிதான்."

"ஆமா."

"அப்போ எதுல பொய் சொன்னீங்க?"

"பொய் இல்ல சார், அன்னிக்கு எனக்குத் தெரியல" என்று ஆரம்பித்தேன். பசும்பால், கல்லுப்பு, பால்கனி வெயில் எல்லாவற்றையும் சொன்னேன். பொடிப் பச்சையின் இரண்டு படங்களையும் காட்டினேன். சொல்லச் சொல்ல எனக்கே அது ஜோடித்த கதை போலக் கேட்டது. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"இவங்க உங்களுக்கு என்ன வேணும்?"

"ஒண்ணும் வேணாம். கூட வேலை பார்த்தவங்க."

"ஒண்ணும் வேணாம்னா லீவு போட்டுட்டு வந்திருக்கீங்களே" என்று சிரித்தார்.

அவர் பார்த்த பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். வாட்டர் பில்டர்காரர்களை நான் பார்க்கிற பார்வை அது. யோசித்துச் சொல்கிறேன் என்றார். அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை, மேலாளரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரோ பேசிக்கொண்டே, எங்கள் இருவருக்கும் நடுவில் மேசைமேல் இருந்த கல் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.